துளி நீரும் மின் இணைப்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவார்கள், இசை பாடுவார்கள், நம் குழந்தைகள் நாடகம் நடிப்பார்கள். இவற்றுக்கு நடுவே, மருத்துவக் கருவிகளின் மின் இணைப்பில் நீர் புகாமல் காப்பது எவ்வாறு என்று பேச நான் வந்திருக்கிறேன். தலைப்பைக் கேட்டதும் நம் செயலாளர் அவர்கள் சற்றே தயங்கினார். பிறகு அவரே, "நம் குடியிருப்பில் எத்தனை வீடுகளில் இப்போது ஆக்ஸிஜன் கருவி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். அவசியம் பேசுங்கள்" என்றார். அந்த ஊக்கத்தின் பேரிலேயே உங்கள் முன் நிற்கிறேன்.

மும்பையில் வாழும் நம்மில் பலர், ஊரில் தனித்திருந்த பெற்றோரை இங்கே அழைத்து வந்து வைத்திருக்கிறோம். முன்பு மருத்துவமனையில் மட்டுமே கண்ட கருவிகள் இன்று நம் படுக்கையறைக்கு வந்துவிட்டன. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் கருவி, உறக்கத்தில் மூச்சுக்குத் துணை செய்யும் கருவி, சளியை உறிஞ்சும் கருவி, படுக்கைப் புண் வாராமல் காக்கும் காற்று மெத்தை ஆகிய யாவும் மின்சாரத்தால் இயங்குபவை. ஆகவே, மருத்துவமனைப் பொறியாளர் மட்டும் அறிந்திருந்த செய்தியை இன்று இல்லத்தரசியும் அறிய வேண்டியதாயிற்று.

நோயாளியைச் சூழ்ந்த ஈரம்

மின்சாரமும் நீரும் அருகருகே இருத்தலாகாது என்பதை யாவரும் அறிவர். ஆனால் நோயாளியின் படுக்கையருகே இவ்விரண்டையும் பிரித்து வைத்தல் இயலாத செயல். மேலே சலைன் பாட்டில் தொங்குகிறது. பக்கத்து மேசையில் கஞ்சியும் வெந்நீரும் உள்ளன. இரத்தம், சிறுநீர், வியர்வை, வாந்தி ஆகிய உடல் நீர்கள் இருக்கின்றன. நாள்தோறும் கிருமிநாசினி கொண்டு துடைக்கிறார்கள். இவ்வளவு ஈரத்துக்கும் நடுவேதான் கருவி நின்று பணிபுரிய வேண்டும்.

மருந்தை அளவாகச் செலுத்தும் இன்ஃபியூஷன் பம்ப் என்ற கருவியை மருத்துவமனையில் நீங்கள் பார்த்திருக்கலாம். ஒரே கம்பத்தின் உச்சியில் பாட்டில் இருக்கும். அதன் கீழே பம்ப் இருக்கும். பம்பின் பின்புறத்தில் மின்கம்பியைச் செருகும் வாய் இருக்கும். பாட்டிலில் கசிவு ஏற்பட்டால் நீர் எங்கே செல்லும்? குழாயைப் பற்றிக்கொண்டு கீழே இறங்கும். கருவியின் தலையில் விழும். பக்கவாட்டில் வழிந்து இணைப்பு வாயை அடையும். நீர் தன் இயல்பான வழியில் செல்கிறது. அந்த வழியில் மின்சாரம் நிற்கிறது.

கருவியின் உடலை நன்றாக மூடி வைத்துவிடலாம். ஆனால் பிளக்கும் சாக்கெட்டும் கூடும் இடத்தை நிலையாக மூடிவிட முடியாது. அது கழற்றுவதற்கும் மாட்டுவதற்கும் என்றே அமைந்த இடம். கோட்டைச் சுவர் எவ்வளவு வலிதாயினும் வாயிற்கதவு ஒன்று வேண்டுமன்றோ? இணைப்பு முனை அத்தகைய வாயில். கருவிக்குள் ஈரம் புகும் வழிகளுள் முதலில் ஐயுற வேண்டிய வழி அதுவே.

துளி செய்யும் மூவகைத் தீங்கு

முற்றிலும் தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். ஆனால் சலைன் உப்பு நீர். ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு கரைந்துள்ளது. தூய நீரைக் காட்டிலும் அது லட்சக்கணக்கான மடங்கு மிகுதியாக மின்சாரத்தைக் கடத்தும். இரத்தமும் வியர்வையும் உப்பு நீர்களே. ஆகவே மருத்துவமனையில் சிந்தும் துளியை வெறும் தண்ணீர்த் துளி என்று எண்ணலாகாது.

முதல் தீங்கு, கருவி பொய் சொல்லத் தொடங்குவது. குறைமாதக் குழந்தையை வைத்துக் காக்கும் இன்குபேட்டரை எடுத்துக்கொள்வோம். குழந்தையின் தோல்மீது வெப்பம் அறியும் சிறு உணர்வி ஒன்றை ஒட்டியிருப்பார்கள். வெப்பம் கூடக் கூட அதன் மின்தடை குறையும். அதைக் கணக்கிட்டே கருவி வெப்பத்தை அறிகிறது. அந்த உணர்வியின் இணைப்பு முனையில் ஈரம் புகுந்தால், இரு ஊசிகளுக்கிடையே மின்சாரத்துக்கு ஒரு குறுக்கு வழி கிடைக்கிறது. மின்தடை குறைந்துவிட்டதாகக் கருவிக்குத் தோன்றும். குழந்தை போதிய சூட்டோடு இருப்பதாக எண்ணி அது வெப்பத்தைக் குறைக்கும். குழந்தையோ உள்ளே குளிரில் வாடும். கருவியின் முகப்பில் தெரியும் எண்ணில் யாதொரு குறையும் காணப்படாது.

இரண்டாவது தீங்கு, அரிப்பு. ஈரத்தின் வழியே மின்சாரம் பாயும்போது, உலோக முனை மெல்ல மெல்லக் கரைகிறது. செம்பு பச்சை பூக்கிறது. தொடர்பு தளர்கிறது, தளர்ந்த இடத்தில் சூடு பிறக்கிறது. இது ஒரே நாளில் நிகழ்வதன்று. நாட்களும் வாரங்களும் கழித்து வெளிப்படும். நீர் உலர்ந்தாலும் உப்பு உள்ளேயே தங்கிவிடும். மழைக்காலத்தில் நம் வீட்டு உப்பு ஜாடியில் உப்பு நீர்த்துப்போவதைத் தாய்மார்கள் அறிவார்கள். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைக் கடந்தால் உப்பு தானே நீரை ஈர்த்துக் கரையும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பைக் காற்று அந்த அளவைக் கடப்பது இயல்பு. ஆகவே கோடையில் சிந்திய துளி மழைக்காலத்தில் மீண்டும் உயிர் பெற்று எழும்.

மூன்றாவது தீங்கு, மின்கசிவு. ஓர் ஆம்பியரின் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லி ஆம்பியர். பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோ ஆம்பியர். தோலின்மேல் சுமார் 1 மில்லி ஆம்பியர் பாய்ந்தால்தான் நாம் ஒரு சிறு கூச்சத்தை உணர்வோம். ஆனால் இதயத்தோடு நேரே தொடர்புகொள்ளும் கருவியிலிருந்து நோயாளிக்குள் கசியும் மின்சாரம், சாதாரண நிலையில் 10 மைக்ரோ ஆம்பியருக்கு மிகலாகாது என்று ஐ.இ.சி. 60601 என்ற அனைத்துலகத் தரநெறி விதிக்கிறது. அஃதாவது, நாம் உணரக்கூடிய அளவில் நூறில் ஒரு பங்கு. தொட்டுப் பார்த்து, "ஷாக் அடிக்கவில்லையே" என்று சொல்வது இங்கே எந்தச் சான்றும் ஆகாது.

நீர் புகும் வழிகள்

நீர் மேலிருந்து கீழே விழும் என்பது மட்டுமே நமக்கு நினைவிருக்கும். அதற்கு வேறு வழிகளும் உண்டு.

அகல் விளக்கின் திரி எண்ணெயை மேலே இழுப்பதைக் காண்கிறோம். மின்கம்பியினுள் இருக்கும் மெல்லிய இழைகளும் அவ்வாறே நீரை இழுக்கும். உறை கிழிந்த ஓரிடத்தில் ஈரம் பட்டால், அது கம்பியின் உள்ளேயே பயணம் செய்து இணைப்பு முனையை அடையக்கூடும்.

சூடான பாத்திரத்தை இறுக மூடி ஆறவிட்டால், மூடி அழுந்தப் பிடித்துக்கொள்கிறது. உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்குவதே காரணம். ஓடிச் சூடேறிய கருவியின் மேல் குளிர்ந்த நீர் பட்டாலும் இதுவே நிகழ்கிறது. கருவி வெளியிலிருக்கும் நீரைத் தன் இடுக்குகளின் வழியே உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது.

இன்னொரு வழி, நம் கை. ஈரக் கையால் பிளக்கை மாட்டுகிறோம். சொட்டச் சொட்ட நனைந்த துணியால் சாக்கெட்டின் மேல் துடைக்கிறோம். துப்புரவின் பெயரால் நாமே நீரைக் கொண்டுபோய் உள்ளே விடுகிறோம்.

பொறியாளர் அமைக்கும் காவல்

கருவியைச் செய்பவர்கள் வாளா இருப்பதில்லை. இணைப்பு முனையைச் சுற்றி ரப்பர் வளையம் பொருத்துகிறார்கள். கம்பி நுழையும் இடத்தைப் பிசின் வார்த்து அடைக்கிறார்கள். அரிப்பைத் தாங்குவதற்காகத் தொடர்பு ஊசிகளுக்கு நிக்கலும் அதன்மேல் தங்கமும் பூசுகிறார்கள். வாய் மேல்நோக்கி இராமல் கீழ்நோக்கி இருக்குமாறு அமைக்கிறார்கள்; அதற்கு மேலே சிறு கூரையும் வைக்கிறார்கள்.

நீருக்கு எதிரான காப்பின் அளவைக் குறிக்க 'ஐ.பி.' என்ற இரண்டெழுத்தும் இரண்டு எண்களும் கருவியின் மேல் பொறித்திருப்பார்கள். முதல் எண், விரல், தூசி முதலிய திடப்பொருள்களுக்கு உரியது. இரண்டாம் எண் நீருக்கு உரியது. 1 என்றால் நேர் மேலிருந்து சொட்டும் துளியைத் தாங்கும். 2 என்றால் கருவி 15 பாகை சாய்ந்திருந்தாலும் தாங்கும். 4 என்றால் எப்பக்கமிருந்து தெறித்தாலும் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தாலும் தாங்கும். வீட்டில் வைத்துப் பயன்படுத்தும் மருத்துவக் கருவிக்குக் குறைந்தது ஐ.பி. 21 வேண்டும் என்பது 2010-ஆம் ஆண்டில் வெளிவந்த வீட்டு மருத்துவக் கருவித் தரநெறியின் விதி. ஊர்தியிலோ கையிலோ எடுத்துச் சென்றவாறே இயக்கும் கருவிக்கு ஐ.பி. 22 வேண்டும். வாங்கும்போதும் வாடகைக்கு எடுக்கும்போதும் இந்த எண்ணைக் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் அந்த எண் சொல்லாத செய்திகளையும் அறிய வேண்டும். அச்சோதனை நன்னீரைக் கொண்டு செய்யப்படுவது. சலைனாலோ கிருமிநாசினியாலோ அன்று. புதிய கருவிக்குச் செய்யப்படுவது. ரப்பர் வளையம் காய்ந்து வெடித்த பழைய கருவிக்கு அன்று. இணைப்பு முனை முழுதும் பொருந்தியிருக்கும்போது உள்ள காப்பு, அதைக் கழற்றி மூடியில்லாமல் விட்டபோது இராது. கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பூட்டின் வலிமையைப் புகழ்வதில் என்ன பயன்?

காசு செலவில்லாத காவல் ஒன்றும் உண்டு. மின்கம்பியை நேராகச் சாக்கெட்டுக்குள் கொண்டுசெல்லாமல், அதற்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டுப் பிறகு மேலேற்றி மாட்ட வேண்டும். கம்பி வழியே ஓடி வரும் நீர் வளைவின் அடியில் சேர்ந்து தரையில் சொட்டிவிடும். மேலேறி இணைப்பை அடையாது. நம் ஊர் ஓட்டு வீட்டின் இறவாரம் மழைநீரைச் சுவரில் படாமல் வெளியே சொட்டச் செய்கிறதே, அதே தத்துவம்.

துப்புரவில் கவனம்

2007-ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்க நாட்டின் உணவு மருந்து நிர்வாகமும் வேறு மூன்று அரசு அமைப்புகளும் சேர்ந்து ஓர் எச்சரிக்கை விடுத்தன. மின்னணு மருத்துவக் கருவிகளைத் தவறான முறையில் சுத்தம் செய்ததால் கருவிகள் பழுதாயின, தீப்பற்றின, ஊழியர்கள் தீக்காயம் அடைந்தனர் என்று அதில் கூறப்பட்டது. நோய்க்கிருமியைக் கொல்ல எடுத்த முயற்சி, நோயாளியைக் காக்கும் கருவியைக் கெடுத்தது. 2020-ஆம் ஆண்டில் கொரோனா பரவியபோது நாம் எல்லாரும் எல்லாவற்றின் மேலும் கிருமிநாசினியைப் பீய்ச்சினோம் என்பதை நினைவுகூருங்கள்.

ஸ்பிரிட் கலந்த நீர்மத்தின் பரப்பு இழுவிசை, நீரின் இழுவிசையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. ஆகவே நீர் நுழையத் தயங்கும் மெல்லிய இடுக்கிலும் அது எளிதில் நுழையும். பிளீச்சிங் கரைசல் உலோகத்தை அரிக்கும். வேறு சில கிருமிநாசினிகள் பிளாஸ்டிக் உறையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பை உண்டாக்கும். அவ்வெடிப்பு அடுத்த துளிக்கு வழியாகும். எனவே கருவியுடன் வரும் குறிப்பேட்டில் எந்த நீர்மம் சொல்லப்பட்டிருக்கிறதோ அதையே கொள்ள வேண்டும். துணியில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, துடைக்க வேண்டும். கருவியின் மேல் நேரே பீய்ச்சலாகாது. துடைக்குமுன் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். இணைப்பு வாய்க்குள் துணியை விடலாகாது. முற்றும் உலர்ந்த பிறகே மீண்டும் மாட்ட வேண்டும்.

மறைத்த துளி

இவ்வளவு காவலும் இருந்தும் ஒரு நாள் நீர் சிந்தும். சிந்தியபின் நடப்பது என்ன என்பதே இவ்வுரையில் நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது.

பல ஆண்டுகளுக்கு முன் நான் நேரில் அறிந்த ஒரு நிகழ்ச்சி. மருத்துவமனையின் பெயர் வேண்டா. இரத்த அழுத்தம் வீழாமல் காக்கும் மருந்தை ஒரு நோயாளிக்குப் பம்ப் செலுத்திக்கொண்டிருந்தது. ஸ்கேன் எடுக்க அவரை வேறு அறைக்குக் கொண்டுசெல்ல வேண்டி, பிளக்கைக் கழற்றினார்கள். இனி உள்ளிருக்கும் பாட்டரியில் கருவி ஓட வேண்டும். சில நிமிடங்களில் அது நின்றுவிட்டது. உடன் சென்ற செவிலியர் விழிப்போடு இருந்தமையால், வேறொரு பம்பை உடனே மாற்றி உயிரைக் காத்தார். பிறகு கருவியைத் திறந்து பார்த்தவர்களுள் நானும் ஒருவன். பாட்டரியின் இணைப்பு முனை பச்சை பூத்து, அரித்துப் போயிருந்தது. சுற்றிலும் வெண்மையாக உப்புப் படிந்திருந்தது.

விசாரித்தபோது உண்மை வெளிவந்தது. மூன்று வாரங்களுக்கு முன் சலைன் பாட்டில் ஒன்று கசிந்து பம்பின் மேல் வழிந்திருக்கிறது. வார்டில் பணிபுரிந்த ஆயா அதைக் கண்டார், தம் முந்தானையால் வெளிப்புறத்தைத் துடைத்தார், ஒருவரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? கருவி கெட்டால் அதன் விலையைச் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற அச்சம். முன்பு ஒருவருக்கு அவ்வாறு பிடித்தும் இருக்கிறார்கள். அந்த அம்மையாரின் மாதச் சம்பளம் எவ்வளவு, அக்கருவியின் விலை எவ்வளவு என்பதை எண்ணிப் பார்த்தால், அவர் வாய் திறவாமல் இருந்தது வியப்பன்று.

அவரைக் குற்றவாளியாக நிறுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. சிந்திய அன்றே சொல்லியிருந்தால், கருவியைத் தனியே எடுத்து வைத்திருப்போம். திறந்து, உப்பைக் கழுவி நீக்கி, உலர்த்தி, மின்கசிவை அளந்து, மறுபடியும் பணிக்கு அனுப்பியிருப்போம். ஒரு நாள் வேலையாக முடிந்திருக்கும். ஓர் உயிரை ஆபத்தில் கொண்டுபோய் நிறுத்தியதில், சொன்னவரைத் தண்டிக்கும் வழக்கத்துக்கும் பங்கு உண்டு.

அந்த மருத்துவமனையின் தலைமைச் செவிலியர் அறிவுடையவர். நீர் சிந்தியதாக வந்து சொல்பவரிடம் ஒரு காசும் பிடிப்பதில்லை என்று நிர்வாகத்தை இசைய வைத்தார். நனைந்த கருவியில் கட்டச் சிவப்பு அட்டை ஒன்றை ஒவ்வொரு வார்டிலும் தொங்கவிட்டார். அதன் பிறகு எங்கள் பட்டறைக்கு வரும் நனைந்த கருவிகளின் எண்ணிக்கை கூடிற்று. நீர் முன்னிலும் மிகுதியாகச் சிந்தியது என்பதன்று இதன் பொருள். மறைந்திருந்தவை வெளியே வந்தன.

நம் வீட்டில்

இனி நம் வீட்டுக்கு வருவோம். கருவியை உயரமான உறுதியான மேசைமேல் வையுங்கள். அதற்கு மேலே தண்ணீர்ச் செம்போ பூச்சாடியோ வைக்காதீர்கள். எக்ஸ்டென்ஷன் பலகையைத் தரையில் கிடத்தாதீர்கள். தரை துடைக்கும் நீர் முதலில் அடைவது அதையே. மூச்சுக் கருவியில் ஈரப்பதம் தரும் நீர்த்தொட்டி இருந்தால், கருவியை நகர்த்துமுன் தொட்டியைக் கழற்றி நீரைக் கொட்டிவிடுங்கள். நீரோடு சாய்த்துத் தூக்கினால் அது கருவியின் உள்ளே பாயும்.

வீட்டு மின்பலகையில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம் இருக்கிறதா என்று பாருங்கள். அது மனித உயிரைக் காக்கும். ஆனால் அது துண்டிக்கும்போது கருவியும் நின்றுவிடும். ஆக்ஸிஜன் கருவியையே நம்பியிருப்பவருக்கு, ஒரு சிலிண்டராவது மாற்றாக இருத்தல் இன்றியமையாதது.

நீர் சிந்திவிட்டால் முதலில் நோயாளியை மாற்று ஏற்பாட்டுக்கு மாற்றுங்கள். பிறகு சுவர் ஸ்விட்சை உலர்ந்த கையால் நிறுத்துங்கள். அதன்பின்னரே பிளக்கைத் தொடுங்கள். தலைமயிர் உலர்த்தும் கருவியால் சூடான காற்றை அடிக்காதீர்கள். அது ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும், உப்பையோ நீக்காது. மறுநாள் ஓடுகிறது என்பதற்காக மீண்டும் பயன்படுத்தாதீர்கள். கருவியைத் தந்தவரை அழைத்து, எந்த நீர், எவ்வளவு, எங்கே சிந்தியது என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். தண்ணீரா, பாலா, சலைனா என்பது பழுதுபார்ப்பவருக்கு மிகவும் வேண்டிய செய்தி.

ஓர் இறுதி வேண்டுகோள். நம் பெற்றோரைப் பகலில் பார்த்துக்கொள்வோர் பெரும்பாலும் வேலைக்கு வரும் ஏழைப் பெண்களே. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. மராத்தியிலோ இந்தியிலோ, "கருவியில் தண்ணீர் பட்டால் உடனே சொல்லுங்கள், யாரும் கோபிக்க மாட்டோம், சம்பளத்தில் பிடிக்க மாட்டோம்" என்று ஓர் அட்டையில் எழுதிப் படுக்கையருகே தொங்கவிடுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாயால் சொல்லுங்கள்; சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள். நம் பேரக்குழந்தைகளிடமும் அவ்வாறே சொல்லுங்கள். பாட்டியின் கருவியில் பாலைக் கொட்டிவிட்ட குழந்தை, அடிக்கு அஞ்சி ஒளிந்துகொள்ளாமல் ஓடி வந்து சொல்லும் வீடாக நம் வீடு இருக்க வேண்டும்.

சிறு துளி பெருவெள்ளம் என்பது நாம் அறிந்த பழமொழி. சேமிப்புக்கென்று அதைச் சொல்லி வந்தோம். கருவிக்குள் புகும் துளிக்கும் அது பொருந்தும்.